உடைஞ்ச மதகு ஆற்ற பொறுப்பு: சபையா, நீர்ப்பாசனமா, டிஎஸ் ஒபிஸா?

கேள்வி: எங்கட ஊர் ஏ35 ரோட்டால உள்ளுக்க இறங்கிற ஒரு கிரவல் ரோட்டுக்கரையில. ரோட்டு கொஞ்சத்தூரம் வாய்க்கால் கட்டோட போய், ஒரு மதகைத் தாண்டித்தான் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகுது. மதகு ஒரு பக்கம் இடிஞ்சு போச்சு, லாண்ட்மாஸ்டரே (ரெண்டு சில்லு உழவு மெசின்) பயந்து பயந்துதான் கடக்குது. நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர செயலாளர். பிரதேச சபைக்குப் போனா அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர எண்டினம், நீர்ப்பாசனத்துக்குப் போனா வாய்க்கால்தான் எங்கட, மேல போற ரோட்டு சபையின்ர எண்டினம், டிஎஸ் ஒபிஸில (பிரதேச செயலகத்தில) கடிதத்தை வாங்கி வைச்சிட்டு ஒதுக்கீடு வந்தா பாப்பம் எண்டினம். தேர்தல் வைச்சு சபை வந்திட்டுதுதானே, அதிகாரம் எல்லாம் இப்ப சபைக்குத்தானே? நாங்கள் ஆரைப் பிடிக்கிறது, மாரிக்கு முதல் ஏதும் நடக்குமா?

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லுறன். சபைக்கு அதிகாரம் இருக்கோ இல்லையோ எண்டு கேட்டுக்கொண்டு போனா உங்களுக்கு ஒரு நாளும் மறுமொழி வராது. அந்த மதகும் அந்த ரோட்டுத்துண்டும் ஆற்ற பதிவேட்டில கிடக்கு எண்டு கேளுங்கோ, அதையும் வாயால கேக்காதேங்கோ, கடிதத்தில கேளுங்கோ. மூண்டு கந்தோரும் உங்களை அலைக்கழிக்கிறது கெட்ட எண்ணத்தில எண்டு நான் நினைக்கேல்ல, தங்கட புத்தகத்தில இல்லாத சாமானுக்கு காசு செலவழிச்சா கணக்காய்வில பிடிபடுவினம், சட்டப்படி அந்தக் காசைக் கையாலயும் கட்டவேண்டி வரலாம், அதுதான் பயம். அந்தப் பயத்தைப் போக்கிறமாதிரி ஒரு காகிதம் கையில குடுத்தாத்தான் வேலை நகரும்.

மூண்டு கந்தோருக்கும் அதிகாரம் வந்த வழி வேற வேற. டிஎஸ் ஒபிஸ் கொழும்பின்ர, அதாவது மத்திய அரசின்ர, கை. முந்தி உதவி அரசாங்க அதிபர் கந்தோர் எண்டு இருந்தது, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோட அரசாங்க அதிபரிட்ட கிடந்த கனக்க வேலையள் பிரதேச செயலாளரிட்ட மாத்தினவை, ஜிஎஸ்மாரும் (கிராம சேவகர்மார்) அந்த வழியிலதான். அங்க இருக்கிற ஆரையும் நீங்கள் வோட்டுப் போட்டு அனுப்பேல்ல. பிரதேச சபை அப்பிடியில்ல, அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால உண்டாகி 1988 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஒண்டு. தன்ர எல்லைக்குள்ள பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொது வழிகள், சனத்தின்ர நலன், வசதி எண்டு அந்தச் சட்டமே நேரா குடுத்த அதிகாரம் அதுக்கு இருக்கு, இதைக் கொழும்பில இருந்தோ கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருந்தோ ஒரு கடிதத்தால நிப்பாட்ட ஏலாது. மூண்டாவது நீர்ப்பாசனம், அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன்.

இதுக்குள்ள எல்லைக் குழப்பம் வேற. கிளிநொச்சி மாவட்டத்தில டிஎஸ் பிரிவு நாலு, சபை மூண்டுதான், கண்டாவளைக்கு தனிய பிரதேச செயலகம் இருக்கு ஆனா சபை எண்டு பாத்தா கரைச்சிப் பிரதேச சபைக்குள்ளதான் வருகுது. முல்லைத்தீவில டிஎஸ் பிரிவு ஆறு, சபை நாலு. ஆகவே எங்கட டிஎஸ் இவர், அப்ப எங்கட சபையும் அந்தப் பேரிலதான் இருக்கும் எண்டு நினைச்சு கடிதம் எழுதினா பிழையான இடத்துக்குப் போய்ச் சேரும்.

சபைக்கு மேல ஆர் எண்டு கேட்டா மாகாணம். அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தில உள்ளூராட்சி மாகாண சபைப் பட்டியலுக்குள்ள வருகுது, மேற்பார்வை மாகாணத்தின்ர. மாகாண சபை விரும்பினா உள்ளூராட்சிக்குக் கூடுதல் அதிகாரம் குடுக்கலாம், இருக்கிறதைப் பறிக்க ஏலாது எண்டு அந்தப் பட்டியலிலயே எழுதிக் கிடக்கு. ஆனா சபையின்ர அமைப்பு, வடிவம், கட்டமைப்பு எல்லாத்தையும் கொழும்பு தன்ர கையில வைச்சிருக்கு. எங்கட வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 தேர்தல் வைச்சது, 2018 ஒக்ரோபரோட காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநரும் அதிகாரிமாரும்தான் நடத்தினம். சபையளுக்கும் இப்பிடி ஒரு இடைவெளி வந்தது, 2023 மார்ச்சில காலம் முடிஞ்சு 2025 மே 6 தேர்தல் வைக்கிற வரைக்கும் செயலாளர்மார்தான் சேர்மன்ர வேலையையும் பாத்தவை. இதை ஏன் சொல்லுறன் எண்டா, அந்த ரெண்டு வருசத்துக்குள்ள நீங்கள் குடுத்த கடிதம் ஏதும் இருந்தா அது சபைக் கூட்டத்தில ஒரு நாளும் வந்திருக்காது, அதைப் புதுசா திரும்பக் குடுக்கவேணும்.

"அதிகாரம் எல்லாம் சபைக்குத்தானே" எண்டு கேட்டீங்கள். எல்லாம் இல்லை. சபை செய்யிற சில வேலையள் அதின்ர சொந்த அதிகாரம் இல்லை, வேற ஒரு நிறுவனம் இந்தா நீ பாத்துக்கொள் எண்டு ஒப்படைச்சது. சுற்றாடல் லைசன்ஸ் ஒரு நல்ல உதாரணம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டப்படி அந்த அதிகாரம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர, ஆனா மாசு குறைஞ்ச சின்னத் தொழிலுகள், சின்ன அரைக்கிற மில், ஸ்பிரே பெயின்ற் அடிக்காத கராஜ் மாதிரியானதுகளுக்கு லைசன்ஸ் குடுக்கிறதை உள்ளூராட்சி சபையளிட்ட ஒப்படைச்சிருக்கினம். நகர அபிவிருத்தி அதிகாரசபை தன்ர பிரதேசமா வர்த்தமானியில போட்ட இடங்களில வீட்டுப் பிளானுக்கு அனுமதி குடுக்கிறதும் இந்த வழிதான், காகிதத்தில கையொப்பம் சேர்மன்ர, அதிகாரம் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின்ர. இரவல் குடுத்த மண்வெட்டி மாதிரி, சொந்தக்காரன் எப்பவும் சொந்தக்காரன்தான். ஆகவே ஒப்படைச்ச விசயத்தில சபை இழுத்தடிச்சா, ஒப்படைச்ச இடத்துக்கு மேல போய் முறையிடலாம். சபையின்ர சொந்த அதிகாரத்துக்குள்ள வாற விசயத்தில அப்பிடி ஒரு வழி இல்லை, அங்க சபைக் கூட்டமும் உள்ளூராட்சித் திணைக்களமும்தான். இது தெரியாம எல்லாத்துக்கும் கச்சேரிக்கு ஓடுற பழக்கம் எங்கட சனத்திட்ட இருக்கு, சண்டைக்காலத்தில எல்லாமே ஜிஏ (அரசாங்க அதிபர்) கையில கிடந்ததால வந்த பழக்கமோ தெரியாது.

இனி உங்கட மதகு. ரோட்டெண்டு பாத்தா ஏ, பி ரோட்டெல்லாம் ஆர்டிஏ (வீதி அபிவிருத்தி அதிகாரசபை), அதாவது கொழும்பு. ஏ35 அவையின்ர. சி, டி ரோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்சத்தில சபை தன்ர வீதிப் பதிவேட்டில ஏத்தினதுகள் சபையின்ர. இந்த மூண்டுக்குள்ளயும் வராத கட்டு ரோட்டுகளும் கனக்க வன்னியில இருக்கு, குளக்கட்டு, வாய்க்கால் கட்டு, காட்டுக்கரை. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கணக்கு வேற. ஆறு ஒரு மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடிஞ்சா நீர்ப்பாசனம் மாகாணத்தின்ர, இரணைமடு அப்பிடித்தான், கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடுறதால மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் பாக்குது. மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளத்துக்கு வாற அருவியாறு வட மத்திய மாகாணத்தில இருந்து வாறதால அங்க மத்திய திணைக்களம். 200 ஏக்கருக்குக் குறைய வயல் பாயிற சின்னக் குளமெண்டா ரெண்டும் இல்லை, கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதுவும் கொழும்பின்ர. உங்கட வாய்க்கால் எந்தக் குளத்துத் தண்ணி எண்டு ஊர்க் கமக்காரரைக் கேட்டா ஒரு நிமிசத்தில தெரியும். கமநலத்தின்ர வாய்க்காலுக்கு நீர்ப்பாசனத்துக்கு எழுதிக் குடுத்து மாதக்கணக்கா காத்திருந்த சங்கங்களும் இருக்கு.

நீங்கள் சொல்லுறதைப் பாத்தா என்ர அபிப்பிராயம், வாய்க்கால் கட்டோட போற துண்டும் மதகும் அநேகமா வாய்க்கால் கட்டேக்க நீர்ப்பாசனம் போட்டதாத்தான் இருக்கும், மற்றத் துண்டு சபையின்ர பதிவில இருக்கலாம். ஒரே ரோட்டில ரெண்டு சொந்தக்காரர் எண்டது இஞ்ச சாதாரணம். அதுக்கு செய்யிற வழி இதுதான்: சொந்தக்காரத் திணைக்களத்தின்ர பொறியியலாளர் "இதைச் சபை திருத்துறதில எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" எண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா சபை தன்ர காசில செய்யலாம், கணக்காய்வும் கேக்காது. இல்லாட்டி சபை கை வைக்காம திணைக்களமே செய்யவேணும். எது வசதி எண்டு அவை தீர்மானிக்கட்டும், ஆனா ஏதோ ஒண்டைக் கடிதத்தில தீர்மானிக்க வையுங்கோ.

தீர்மானிக்க வைக்கிறதுக்கு நல்ல ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். சபையின்ர தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், நீர்ப்பாசனத்தின்ர தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், ரெண்டிலயும் ஒரே கேள்வி. இன்ன ஊரில இன்ன இடத்தில இருந்து இன்ன இடம் வரைக்கும் போற ரோட்டும் மதகும் உங்கட பதிவேட்டில இருக்கா, இருந்தா அந்தப் பக்கத்தின்ர பிரதி தாங்கோ, கடைசியா எப்ப ஆர் திருத்தினது. ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும், இல்லாட்டி குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி ஆணைக்குழு. அநேகமா அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது, இந்தக் கடிதம் போனாலே தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருக்கா வந்து மதகைப் பாத்திட்டுப் போவார்.

அதோட சும்மா இராம சபைப் பக்கத்தையும் பாருங்கோ. உங்கட வட்டார மெம்பரிட்ட எழுத்தில குடுத்து மாதக் கூட்டத்தில பிரேரணையாப் போடச் சொல்லுங்கோ, கூட்ட அறிக்கையில ஏறினா அதுக்கொரு பெறுமதி இருக்கு, ரோட்டில மறிச்சு "பாப்பம்" எண்டு சொன்னதுக்கு இல்லை. சபைக்கு தொழில்நுட்பக் குழு, நிதிக் குழு எண்டு குழுக்கள் இருக்கவேணும், அதில மெம்பர் இல்லாத ஊர் ஆக்களையும் சேர்க்கலாம் எண்டு சட்டத்தில இடமிருக்கு, மாதர் சங்கத்தால ஒராளை எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, கேட்டா மாட்டம் எண்டு சொல்லுறது அவைக்குக் கஸ்டம். பட்ஜெட் வருசக் கடைசியில நிறைவேத்த முதல் சனம் பாக்கிறதுக்கு வைக்கவேணும், அந்தக் கிழமை போய்ப் பாருங்கோ. பட்ஜெட்டில உங்கட ரோட்டின்ர பேர் இல்லாட்டி அடுத்த வருசமும் இதே கதைதான்.

காசு விசயத்தில சபையை முழுசாக் குற்றம் சொல்லவும் ஏலாது. சோலைவரி, அதாவது ஆதனவரி, கட்டிடம் நிறைஞ்ச இடத்திலதான் அறவிடலாம், வன்னியில அப்பிடியான இடம் எவ்வளவு கிடக்கு? மிச்சம் ஏக்கர்வரி, கடை வாடகை, வியாபார லைசன்ஸ், காணி உறுதிக்கு வாற முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். பெரிய மதகெண்டா சபையின்ர சொந்தக் காசு காணாது, பிஎஸ்டிஜி (மாகாணங்களுக்கெண்டு குடுக்கிற அபிவிருத்தி நிதி) மாதிரி மாகாணத்துக்கு வாற ஒதுக்கீட்டிலதான் போடவேணும், அதுக்கு எஸ்டிமேட் கையில இருக்கவேணும். ஆகவே முதல்ல எஸ்டிமேட் போட வையுங்கோ, காசு வாற நேரத்தில எஸ்டிமேட் இருக்கிற வேலைதான் முன்னுக்குப் போகும்.

மாரிக்கு முதல் எண்டா நிரந்தர வேலை நடக்கிறது கஸ்டம், மறைக்காமச் சொல்லுறன். ஆனா ஆபத்தைக் குறைக்கலாம். மதகின்ர படம் எடுத்து, ஜிஎஸ்ஸிட்ட ஒரு அறிக்கை வாங்கி, கச்சேரியில இருக்கிற அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குக் குடுங்கோ, பிரதியை டிஎஸ்ஸுக்கும். பள்ளிப்பிள்ளையள் போற வழி எண்டு கட்டாயம் எழுதுங்கோ. தற்காலிகமா மண்மூட்டை அடுக்கிறது, பாரமான வாகனத்தை மறிக்கிறது எல்லாம் பெரிய செலவில்லாத வேலை. மண்ணள்ளுற டிப்பர் அந்த வழியால போகுதெண்டா அதையும் எழுதுங்கோ, ஆனா மணல், கிரவல் பெர்மிட் சபை குடுக்கிறதில்லை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம்தான், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அதே மாதிரி யானை வந்தா வனசீவராசிகள், காட்டு எல்லைக் கல்லு போட்டா வனத் திணைக்களம், காணிப் பெர்மிட்டுக்கு டிஎஸ், இதுக்கெல்லாம் சேர்மனை ஏசிப் பிரியோசனம் இல்லை. கட்டாக்காலி மாடு, தெருவிளக்கு, குப்பை, சந்தை இதுகளுக்கு தாராளமா ஏசலாம், அது சபையின்ர சொந்த வேலை.

ஒண்டுக்கும் அசையாட்டி மாவட்டத்தில உள்ளூராட்சி உதவி ஆணையாளர் கந்தோர் இருக்கு, சபையை மேற்பார்வை செய்யிறது அவை, பழைய கடிதங்களின்ர பிரதியளோட ஒரு பக்கத்தில எழுதிக் குடுங்கோ. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் போடலாம், அங்க சபை, நீர்ப்பாசனம், டிஎஸ் மூண்டு பேரும் ஒரே மேசையில இருப்பினம், ஒராள் மற்றாளைக் காட்டித் தப்பேலாது. குடுக்கிற ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கட பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்குங்கோ, தர மாட்டம் எண்டா பதிவுத் தபாலில அனுப்பிப்போட்டு துண்டை சங்கப் புத்தகத்தில ஒட்டி வையுங்கோ.