மூச்சுவிட நேரமில்லை, முடிந்தது என்ன?

ஓர் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். உழைப்பு எது, வெறும் பரபரப்பு எது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: காலையிலிருந்து நிமிர நேரமில்லாமல் வேலை பார்க்கிறேன். இரவு படுக்கும்போது "இன்று என்ன செய்தேன்" என்று யோசித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. நான் உழைக்கிறேனா, சும்மா ஓடுகிறேனா?

களைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் களைக்க வைக்கும். காலையில் இருந்த நிலையிலிருந்து மாலைக்குள் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒருவர் அறிக்கை தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துருவை மாற்றுகிறார். அட்டவணைக்குக் கட்டம் போடுகிறார். பழைய கோப்புகளை மாதவாரியாக அடுக்குகிறார். "ஆகவே இந்த இயந்திரத்தை வாங்கலாம்" அல்லது "வேண்டாம்" என்று எழுத வேண்டிய கடைசிப் பத்தி மட்டும் மூன்று நாளாகக் காலியாகக் கிடக்கிறது. கட்டம் கோணலாகப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பத்தி தப்பாகப் போனால் அவர் மாட்டிக்கொள்வார். நான் பார்த்தவரை, ஓடிக்கொண்டே இருப்பவர்களில் சோம்பேறிகள் குறைவு. மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ள ஒரு வேலையைத் தள்ளிப்போட, வாய்ப்பே இல்லாத பத்து வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம். உங்கள் நாளில் அந்தக் காலிப் பத்தி எது என்று தேடுங்கள்.

கேள்வி: அண்ணா, தினமும் ஆறு மணி நேரம் படிக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு வண்ணம் அடித்து, நாலைந்து முறை திருப்பிப் பார்க்கிறேன். தேர்வில் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தம்பி, இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்டது. மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. சராசரியாக 14 முறை. இன்னொரு குழு மூன்று முறை சொச்சம்தான் படித்தது. மீதி நேரத்தில் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. எந்தக் குழு தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்த குழுதான். படித்ததையே படிக்கும்போது வரிகள் பழகிப்போய், தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் தெரியாதது வெளியே வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் நாம் வண்ணப் பேனாவை எடுக்கிறோம். நாளைக்கு ஒரு பக்கம் படித்ததும் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். ஆறு மணி நேரம் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் மேலாளர் இரவு வரை இருப்பவர்களைத்தான் உழைப்பாளி என்கிறார். அதிக நேரம் இருந்தால் அதிக வேலை நடக்காதா சார்?

ஓரளவு வரை நடக்கும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்காவெல் 2014-ல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்தைத் தாண்டியதும் கூடுதல் மணிகளின் பலன் குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தில் கிடைத்த உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள்களைச் செய்த இடம் அது. எண்ண முடியாத வேலையில் இந்த வீண் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் மேலாளர்கள் நாற்காலியை எண்ணுகிறார்கள். அவரிடம் இதை வாதாடி ஜெயிக்க முடியாது. வாரக் கடைசியில் முடித்தவற்றை மூன்று வரியில் அனுப்பிப் பழக்குங்கள்.

கேள்வி: ஏழு வேலைகளை ஒரே நேரத்தில் நகர்த்துகிறேன். எதுவும் முடிவதில்லை.

1961-ல் ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் நிரூபித்த ஒரு கணக்கு உண்டு. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் வரும். வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் முடிப்பவர் ஏழு வேலைகளைக் கையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஏழு வாரம் இழுக்கும். மூன்றை மட்டும் எடுத்தால் மூன்று வாரம். வேகம் கூடவில்லை, தொடங்குவதைத்தான் குறைத்தீர்கள். கஷ்டம் என்னவென்றால், மற்ற நான்கு பேரிடம் "இப்போது இல்லை" என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் கணக்குப்படி மாலையில் எதுவும் மாறியிருக்காது. அப்படியென்றால் என்னுடையது உழைப்பு இல்லையா?

நியாயமான கேள்வி. முதல் பதிலில் சொன்ன அளவுகோல் இங்கே செல்லாது. பராமரிப்பு வேலையில் எதுவும் மோசமாகாமல் இருப்பதே பலன். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இதை இன்று செய்யாவிட்டால் என்ன கெடும்? மருந்து, குளியல், படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாவற்றுக்கும் உடனே பதில் வரும். பதில் வராத வேலை ஏதாவது இருந்தால், அதை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: குறுஞ்செய்திகளுக்குப் பதில் போட்டே நாள் போய்விடுகிறது. இதுவும் வெட்டி வேலையா?

பதில் சொல்வதற்குத்தான் சம்பளம் என்றால் அதுதான் உங்கள் வேலை. யார் சொன்னாலும் கூச்சப்பட வேண்டாம். மற்றவர்களுக்குச் சிக்கல் வேறு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனதில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். எழுந்து போகும் முன் "இங்கே நிறுத்தியிருக்கிறேன், அடுத்தது இது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். இந்த ஒரு வரிக்கு நல்ல பலன் உண்டு.

கேள்வி: வேலைகளைக் குறித்து வைக்க எந்தச் செயலி நல்லது?

ஒரு தாள் போதும். செயலியை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அந்தக் காலிப் பத்தியைத் தள்ளிப்போடும் வழிதான்.

கேள்வி: 25 நிமிடத்துக்கு மணி வைத்து வேலை பார்க்கும் முறை உதவுமா?

தொடங்கவே தயங்கும் வேலைக்கு உதவும். 25 நிமிடம்தானே என்று மனம் ஒத்துக்கொள்ளும். அந்த எண்ணுக்கு வேறு மகிமை கிடையாது. மணி அடிக்கும்போது வேலை சூடு பிடித்திருந்தால் மணியை அணைத்துவிட்டுத் தொடருங்கள். எத்தனை முறை மணி அடித்தது என்று கணக்கு மட்டும் வைக்காதீர்கள்.