கோலாலம்பூரில் இருக்கும் என் மச்சானிடம் ஐநா அகதி அட்டை இருக்கிறது, இன்னும் அழைப்பு வரவில்லை. வேறு நாட்டில் குடியேற எந்தப் படிவம்?

அப்படி ஒரு படிவமே கிடையாது. உங்கள் மச்சான் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்து ஐநா அகதிகள் முகமைதான் பெயரை அனுப்பும், ஏற்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் இஷ்டம். உலக அகதிகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட இது அமைவதில்லை.

அழைப்பு வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் சிம்மை மாற்றிவிட்டுப் பழைய நம்பரையே பதிவில் விட்டுவைப்பவர்களும் உண்டு, அதனால் அட்டையின் காலாவதித் தேதி, போன் நம்பர், அங்கே பிறந்த குழந்தையின் பெயர் எல்லாம் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கோப்பை நகர்த்தித் தருகிறேன் என்று ரிங்கிட் கேட்பவன் ஏமாற்றுக்காரன். முகமை காசு வாங்காது. அட்டை விசாவும் அல்ல; மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை, கையில் அட்டை இருந்தாலும் அதிகாரிகள் அவரைப் பிடிக்கலாம்.