வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலச் சாலையும் வாகனமும்

கேள்வி: நாங்கள் சென்ற கோடையில்தான் கனடாவுக்கு வந்தோம். என் கணவர் தினமும் விடியற்காலையில் நெடுஞ்சாலை 401 வழியாக மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறார். எங்கள் வண்டி நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் வகை என்பதால், இப்போதுள்ள ‘ஆல் சீசன்’ டயர்களே போதும் என்கிறார். இது சரியா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: சட்டப்படி அவர் செய்வதில் தவறில்லை, சகோதரி. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை. ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொல்வேன். வெப்பநிலை சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ‘ஆல் சீசன்’ டயரின் ரப்பர் இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் திறனை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும்படி செய்யப்படுகிறது. ஆகவே பனி விழாத, உலர்ந்த சாலையிலும்கூட இந்த வேறுபாடு உண்டு.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வது, பனியில் நின்ற வண்டியைக் கிளப்புவதற்கும் மேட்டில் ஏற்றுவதற்கும் நன்றாக உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. ஏனென்றால் எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது, அந்தச் சக்கரங்கள் சாலையைப் பற்றுவது டயரைப் பொறுத்தது. இத்தகைய வண்டி பனியிலும் சட்டென்று வேகமெடுப்பதால், சாலை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார் என்பதே என் கவலை.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை மிச்சப்படுத்த முன்சக்கரங்களுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வளைவுகளில் வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுழலக்கூடும். 2016 முதல் ஒன்ராறியோவில் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு வாகனக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கிறது, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாலை வெறுமனே ஈரமாகத்தான் தெரிந்தது. மேம்பாலத்தில் ஏறியதும் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. இதை முன்கூட்டியே அறிய முடியுமா? வழுக்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டு விட்டு அழுத்த வேண்டும் என்று அப்பா சொல்வார், அது சரிதானா?
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: நீங்கள் சந்தித்தது ‘பிளாக் ஐஸ்’. கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டியின் ஊடாகத் தாரின் நிறமே தெரிவதால், அது ஈரம்போலத் தோன்றுகிறது. தரையோடு ஒட்டிய சாலைக்கு மண்ணின் வெப்பம் சிறிது கிடைக்கும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்று, ஆகவே அது முதலில் உறைகிறது. வெளியே -20 பாகை இருக்கும் நாளைவிட, பூச்சியத்தை ஒட்டி ஏறியிறங்கும் நாளில்தான் கூடுதல் கவனம் தேவை. உருகும் நிலையில் உள்ள பனிக்கட்டியே மிக மோசமாக வழுக்கும். முன்னே செல்லும் வண்டியின் சக்கரங்களைக் கவனியுங்கள். சாலை ஈரமாகத் தெரிந்தும் அவற்றிலிருந்து நீர்த்துளி தெறிக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் ஈரமல்ல, பனிக்கட்டி.

வழுக்கத் தொடங்கினால் வேகமிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். மோதிவிடுவோமோ என்று அஞ்சும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அந்தப் பக்கமே திரும்பும். அப்பா சொன்னது ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி காக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை உறுதியாக அழுத்தி, அழுத்தியபடியே இருங்கள். காலடியில் பெடல் கடகடவென்று அதிரும். பழுது என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் ‘க்ரூஸ் கன்ட்ரோலை’ இத்தகைய நாள்களில் அணைத்தே வையுங்கள்.

கேள்வி: பரி (Barrie) நகருக்கு வடக்கே நெடுஞ்சாலை 400-இல் பனிப்புயலில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஏஜக்ஸ்

பதில்: ஜோர்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் பனிவீச்சு அந்தப் பகுதியில் சில நிமிடங்களில் எதிரே எதையும் தெரியாமல் செய்துவிடும். ஆகவே புறப்படும் முன் 511 என்ற எண்ணில் சாலை நிலவரம் கேட்டு, மோசம் என்றால் பயணத்தை ஒத்திப்போடுவதே நல்லது. நீல விளக்கு மின்னும் பனி அகற்றும் வண்டியை முந்தாதீர்கள்.

சிக்கிவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். அவசர விளக்கைப் போட்டு, உதவிக்கு அழையுங்கள். சூட்டுக்காக இயந்திரத்தை இயக்குவதற்கு முன், பின்புறம் சென்று புகைக்குழாயை மூடியிருக்கும் பனியைக் கையாலாவது தோண்டி அகற்றுங்கள். அடைபட்டிருந்தால் கார்பன் மொனொக்சைட் உள்ளே புகும், அதற்கு மணமும் நிறமும் இல்லை. மணிக்குச் சுமார் 10 நிமிடம் மட்டும் இயக்கி, அந்நேரம் காற்று வீசாத பக்கத்து ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். பனி தொடர்ந்து விழுந்தால், ஒவ்வொரு முறையும் குழாயை மறுபடி பார்த்த பிறகே இயந்திரத்தைத் தொடக்குங்கள்.