பவுன் விலை ஏறினால் அடகுக் கடனும் ஏற வேண்டுமா?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் எங்கள் வீடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃபிரிட்ஜ், மெத்தை, அரிசி மூட்டை எல்லாம் போயிற்று. வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ இன்ஜினும் நின்றுவிட்டது. 3 பவுன் செயினையும் 2 பவுன் வளையலையும் தனியார் அடகில், மாதம் ஒன்றரை வட்டிக்கு 1,80,000 ரூபாய்க்கு வைத்தோம். ஆறு மாதம் கழித்து விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் 60,000 வாங்கி, வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் கொடுத்தோம். இப்போது வருஷம் முடிந்து மாற்றி வைக்கப் போகிறோம். அண்ணன் மறுபடி 60,000 கேட்கிறார். மாதம் 1,000 ரூபாய்க்கு ஆப்பில் டிஜிட்டல் தங்கம் சேர்த்தால் நகையை ஈடுகட்டலாம் என்கிறாள் தோழி. எங்கள் வருமானம் 26,000. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அன்று ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப் போயிற்று. அந்த நிலைமையில் நகையை அடகு வைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அதற்குத்தான் நகை. என் கவலையெல்லாம் அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி.

முதல் ஆறு மாதம் மாதம் 2,700, அடுத்த ஆறு மாதம் 3,600. ஆக, சுமார் 38,000 ரூபாய் வட்டி போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, 60,000 கூடித்தான் இருக்கிறது. இப்போதும் கூட்டினால் கடன் 3 லட்சம், வட்டி மாதம் 4,500. வருஷத்துக்கு 54,000, உங்கள் குடும்பத்தின் இரண்டு மாத வருமானத்துக்கும் மேல். வெள்ளத்தில் போன பொருளுக்காக வாங்கிய கடன் இதற்குள் கொஞ்சமாவது குறைந்திருக்கலாம். "விலை ஏறியிருக்கு, இன்னும் வாங்கிக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களை அமுக்குகிறது. நகையின் விலை உயர்வு உங்களுடைய லாபம். அதை அண்ணன் செலவு செய்கிறார், வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள்.

டிஜிட்டல் தங்கம் வேண்டவே வேண்டாம். 1,000 ரூபாய் போட்டால் ஜிஎஸ்டியே 3 சதவீதம், விற்கும்போது விலையில் இன்னும் கொஞ்சம் குறையும். இது தன் கண்காணிப்பில் வராத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. 18 சதவீத வட்டிக் கடனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் தங்கம் சேர்ப்பது எதற்கு?

நான் சொல்வது கேட்கக் கஷ்டமாக இருக்கும். வளையலை விற்றுவிடுங்கள். 2025 கடைசியில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. அந்தக் கணக்கில், கழிவு போக 2 பவுனுக்கு 1,70,000 கைக்கு வரும் என்று வைப்போம். மிச்சக் கடன் 70,000. செயினைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். பத்து சதவீதம் என்றாலும் வட்டி மாதம் 600-க்குள்தான். இப்போது கட்டும் 3,600-ஐயே தொடர்ந்து கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் செயின் உங்கள் கழுத்துக்கு வந்துவிடும்.

இரண்டு நகையும் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால் முழுப் பணமும் கட்டச் சொல்வார்கள். பகுதிப் பணம் கட்டி வளையலை மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால், நகையைத் திருப்புகிற நாளைக்குக் கைமாற்று ஏற்பாடு செய்வதை அண்ணனிடமே ஒப்படையுங்கள். 60,000 வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. இனி அடகு வைத்தால் ஒவ்வொரு நகைக்கும் தனிச் சீட்டு போடுங்கள், சின்னதை முதலில் திருப்ப வசதி.

அண்ணனுக்கு மறுபடி கொடுக்க வேண்டாம். பழைய பணத்தை மாதம் 2,000 ஆகவாவது திருப்பித் தரச் சொல்லுங்கள். இதை நீங்கள் பேசக் கூடாது, வீட்டுக்காரர் பேச வேண்டும்.

லோடு ஆட்டோவுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. அடுத்த ஐப்பசிக்கு முன்னால் முழு பாலிசியாக மாற்றி, இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். சொந்த வீடு என்றால் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி பற்றியும் விசாரியுங்கள். புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும், வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து.