மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களிடமிருந்து நிறுவனத் தலைவர்கள் என்ன கற்கலாம்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் "மனவுறுதி". மேடைப் பேச்சுக்கு அது போதும். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதை வைத்து ஒரு வேலையும் நடக்காது. கைக்கு உதவும் பாடம் வேண்டுமென்றால் சக்கர நாற்காலி ரக்பியைப் பாருங்கள்.

1970களில் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான ஆட்டம் இது. ஆடுபவர்களில் பலர் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, கை கால் இரண்டிலும் இயக்கம் குறைந்தவர்கள். இயக்கத்தின் அளவைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை பாயிண்ட் உண்டு, 0.5 என்றால் இயக்கம் மிகக் குறைவு. களத்தில் இறங்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக்கூடாது. நான்கு 3.5களைச் சேர்த்தால் 14 ஆகிவிடும். ஆக, வலுவானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஜெயிக்கும் வழி விதியிலேயே அடைபட்டிருக்கிறது.

பயிற்சியாளர் இரண்டு 3.5, இரண்டு 0.5 என்று இறக்கலாம். வேகம் கிடைக்கும், ஆனால் எதிரணி ஒரு 3.5ஐ மடக்கிவிட்டால், பந்தோடு ஓட ஒருவர்தான் மிச்சம். நான்கு 2.0 இறக்கினால் வேகம் குறையும், பந்தைக் கையாள நான்கு பேர் இருப்பார்கள். அணியில் பெண் ஒருவர் இறங்கினால் வரம்பு 0.5 கூடும். இது எனக்குப் பிடித்த விதி: "பெண்களுக்கும் வாய்ப்பு கொடுங்கள்" என்ற அறிவுரையே இல்லை, பயிற்சியாளருக்கு நேரடி லாபம். டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் அணியில் கைலி கிரைம்ஸ் என்ற பெண் இருந்தார்.

நாற்காலிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குறைந்த பாயிண்ட்காரரின் நாற்காலியில் முன்னால் பம்பர் நீட்டிக்கொண்டிருக்கும், எதிராளியின் நாற்காலியைக் கொக்கிபோட்டு நிறுத்த. அதிகப் பாயிண்ட்காரருடையது கச்சிதமாக, முன்பக்கம் உருண்டு, அந்தக் கொக்கியில் சிக்காமல் நழுவும்படி இருக்கும். அலுவலகத்திலோ விற்பனை ஆளுக்கும் கணக்கு ஆளுக்கும் ஒரே மதிப்பீட்டுப் படிவம்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. எதிரணியின் வேகமான ஆளை 0.5காரர் மாட்டி நிறுத்தியதால்தான் கோல் விழுந்திருக்கும். கணக்கில் அது பந்தோடு கோட்டைக் கடந்தவர் பெயரில் ஏறும். ஸ்கோர் தாளை மட்டும் பார்க்கும் தலைவர் முதலில் நீக்குவது அந்த 0.5ஐத்தான். நிலுவையை வசூலிப்பவர், வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்பவர் எல்லாம் இந்த வகை.

அடுத்த திட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது மொத்தச் சம்பளத்துக்கோ மொத்த மணிநேரத்துக்கோ முதலில் ஒரு வரம்பு போடுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவர் யாருடைய கையை விடுவிக்கிறார்?" என்று எழுதுங்கள். பதில் எழுத முடியாத பெயர்கள் நிறைய வந்தால் அணி முழுக்க 3.5தான், எல்லோரும் பந்தைக் கேட்பார்கள், வழி திறக்க ஆளிருக்காது.

பாயிண்டைப் பயிற்சியாளர் போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். தனிக் குழு ஒன்று கை, உடற்பகுதி இயக்கத்தைச் சோதித்து, ஆட்டத்திலும் பார்த்து முடிவு செய்யும். பயிற்சியாளரிடம் விட்டால் தன் ஆளுக்குக் குறைத்துத்தானே போடுவார்? அந்த எண்ணும் இயக்கத்தின் அளவு மட்டுமே, திறமையின் அளவு அல்ல. உலகத் தரமான 0.5 ஆட்டக்காரர்கள் உண்டு. ஊழியர்களுக்கு இப்படி எண் ஒட்டி வரிசைப்படுத்தக் கிளம்பினால், இந்த ஆட்டத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.