ம, ன போன்ற மெல்லின ஒலியே இல்லாத மொழி உலகில் உண்டா?

உண்டு. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த போகன்வில் தீவில் ஏறத்தாழ 4,000 பேர் பேசும் ரொடோகாஸ் மொழியின் மத்திய வட்டார வழக்கு அப்படிப்பட்டது. ப, த, க ஆகிய மூன்று வல்லொலிகள். வ, ர, க³ (ஆங்கில 'g' போன்றது) ஆகிய மூன்று அதிரொலிகள், அதாவது குரல்நாண் அதிர எழும் ஒலிகள். மெய்கள் அவ்வளவுதான். இவற்றோடு ஐந்து உயிர்கள். அவற்றில் குறில், நெடில் வேறுபாடு உண்டு.

எழுத 12 ரோமன் எழுத்துகள் போதும். அதிலும் ஒன்று உபரி: 'இ'க்கு முன்னால் 'த' 'ஸ' ஆக ஒலிப்பதால் அதற்குத் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 'ரொடோகாஸ்' என்ற பெயரே இந்த விதிக்கு அடங்காது. ஈற்றில் 'இ' இல்லாமலே 'ஸ்' நிற்கிறது.

அங்குள்ளவர்களால் 'ம' சொல்லவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். 'வ' சில சமயம் 'ப³' (ஆங்கில 'b') ஆகவும் 'ம' ஆகவும் ஒலிக்கலாம், பொருள் மாறாது. அந்நியர் ரொடோகாஸ் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுவதை நடித்துக் காட்டும்போதுதான் மெல்லினம் அவர்கள் வாயில் அதிகம் வருமாம்!

அதே மொழியின் ஐட்டா வழக்கில் ம, ன, ங மூன்றும் பொருளை வேறுபடுத்துகின்றன, மெய்கள் ஒன்பது. ஆகவே, மூதாதை மொழியில் மெல்லினம் இருந்து, மத்திய வழக்கில் பிற்பாடு அதிரொலிகளோடு கலந்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.