கன்னத்தில் இல்லாத சவர எரிச்சல் கழுத்தில் மட்டும் ஏன் வருகிறது?

அலுவலகத்திற்காக நாள்தோறும் சவரம் செய்வதாகவும், கன்னத்தில் எந்தத் தொல்லையும் இல்லாதபோது கழுத்தில் மட்டும் எரிச்சலும் சிவந்த பருக்களும் வருவதாகவும், ஐந்து பிளேடு ரேசருக்கும் விலை கூடிய கிரீமுக்கும் மாறிய பின்னும் அது குறையவில்லை என்றும் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தடித்த, சுருண்ட தாடி உள்ளவன் என்பதால் இந்தத் தொல்லையை நெடுங்காலம் அனுபவித்திருக்கிறேன். இன்றும் பிரஷ், சோப்பு, ஒற்றை பிளேடு மாட்டும் பழைய சேஃப்டி ரேசர் என்று ஈரச் சவரம்தான் செய்கிறேன். கழுத்தில் இப்போது பரு வருவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்னத்தைப் போலவே கழுத்தும் வழவழவென்று இருக்க வேண்டும் என்று விரும்புவதுதான் பெரும்பாலும் இதற்கு வேர். அந்த விருப்பத்தைக் கைவிட்டால் மீதியெல்லாம் செய்முறைதான்.

எரிச்சல் என்று நாம் ஒரே பெயரால் சொல்வதில் இரண்டு வேறு தொல்லைகள் கலந்திருக்கின்றன. சவரம் முடிந்த சில நிமிடங்களிலேயே தோல் சிவந்து, வியர்வையோ சட்டைக் காலரோ பட்டால் காந்துவது முதல் வகை. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேற்படலத்தையும் சுரண்டிவிடுவதால் வருவது அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். சவரம் செய்து ஓரிரு நாள் கழிந்த பிறகு கடுகளவு பருக்களாகத் தடித்து, தொட்டால் வலிப்பது இரண்டாம் வகை. நல்ல வெளிச்சத்தில், உருவத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் அந்தப் பருவை உற்றுப் பார்த்தால், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோ, இரு முனையும் தோலுக்குள் புதைந்து வளைவு மட்டும் வெளியே தெரிகிற மெல்லிய முடியோ கண்ணில் படும். வெட்டுப்பட்டுக் கூர்மையான முடி, வளரும்போது வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே குத்தி நுழைந்துவிடுகிறது. உடல் அதை வெளியிலிருந்து வந்த பொருளாக எண்ணி எதிர்ப்பதால் அந்த இடம் வீங்குகிறது. தோல் மருத்துவர்கள் இதைச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதாகத் தோன்றுகிறது.

கன்னத்தில் முடி பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் வளர்கிறது; கீழே தாடையெலும்பும் பற்களும் தாங்கி நிற்பதால் ரேசர் சீராக ஓடுகிறது. கழுத்தில் தோல் மெல்லியது, தளர்ந்தது; நடுவில் குரல்வளை மேடு; முடியோ தோலோடு படிந்து, இடத்துக்கு இடம் திசை மாறி முளைக்கிறது. இந்த நிலையில் பல பிளேடு ரேசர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய் நிற்கிறது. 1971இல் ஜில்லெட் நிறுவனம் டிராக் 2 என்ற இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது முதல், 1998இல் வந்த மூன்று பிளேடு மாக் 3, 2006இல் வந்த ஐந்து பிளேடு ஃபியூஷன் வரை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். நேர் முடி உள்ளவருக்கு அதனால் நல்ல வழவழப்புக் கிடைக்கிறது. சுருள் முடி உள்ளவரின் கழுத்திலோ, தோலுக்கு அடியில் நிற்கும் அந்தக் கூர்முனை வெளியே வர வழி தேடிப் பக்கவாட்டில் குத்துகிறது. ஆகவே ஐந்து பிளேடுக்கு மாறியதால் உங்கள் தொல்லை குறையாததில் வியப்பில்லை, கூடியிருந்தாலும் வியப்பில்லை. சேஃப்டி ரேசர் கைக்குப் பழகாது என்றால், 2010இல் ஜில்லெட் இந்தியச் சந்தைக்கென்று கொண்டுவந்த கார்ட் போன்ற ஒற்றை பிளேடு ரேசரே போதும்.

ரேசரை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, உலர்ந்த கழுத்தை விரல் நுனியால் எல்லாத் திசையிலும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் முடியின் வாக்கு. நரநரவென்று தடுக்கும் பக்கம் எதிர்வாக்கு. ஒட்டுமொத்தமாகத் தடவிவிட்டு முடிவுக்கு வந்துவிடாமல், ஒரு ரூபாய் நாணய அளவு இடங்களாகப் பிரித்துக்கொண்டு பாருங்கள். என் கழுத்தில் தாடைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு முடி கீழ்நோக்கி இறங்குகிறது. குரல்வளைக்கு இடப்புறம் அது காதை நோக்கிப் படுத்திருக்கிறது. வலப்புறம் உச்சந்தலையில் இருப்பதைப் போல ஒரு சுழியே இருக்கிறது. காலர் உரசும் அடிக்கழுத்திலோ முடி மேல்நோக்கி வளர்கிறது. முடியின் வாக்கிலேயே சவரம் செய்கிறேன் என்று சொல்லும் பலர் கழுத்து முழுவதையும் மேலிருந்து கீழாகத்தான் வழிக்கிறார்கள். என்னைப் போன்ற கழுத்து அமைந்தவருக்கு, அடிக்கழுத்தில் அதுவே எதிர்ச்சவரம். பருக்கள் பெரும்பாலும் அடிக்கழுத்தில்தான் கூட்டமாக வருகின்றன என்றால் இதை முதலில் சோதித்துப் பாருங்கள். கண்டறிந்த திசைகளை ஒரு தாளில் அம்புக்குறிகளாக வரைந்து, கை பழகும் வரை கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தண்ணீர். முடி நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகும்; மென்மையான முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்ட உடனே நுரையைப் பூசி வழிப்பதைக் கன்னம் தாங்கிக்கொள்ளலாம், கழுத்து தாங்காது. குளித்து முடித்த கையோடு சவரம் செய்வதே எளிய வழி. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சில நிமிடம் சுற்றி வையுங்கள். நம் ஊர்களில் பலருக்கும் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, நுரையாக வேண்டியது வெள்ளைப் படிவாகிவிடுகிறது. அப்படிப்பட்ட நுரை பார்வைக்கு இருக்கும். ரேசருக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலைத் தராது. குடிநீரிலோ மழைநீரிலோ ஒரு டம்ளர் எடுத்து அதில் பிரஷ்ஷை நனைத்து நுரை கட்டிப் பாருங்கள். கிரீமை மாற்றாமலே வேறுபாடு தெரியும். நுரை தயிர் போலப் பளபளப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் தொட்டுத் தேய்த்தால் வழுக்க வேண்டும். பஞ்சு போல் உப்பி உலர்ந்திருந்தால் இன்னும் சில சொட்டு நீரைச் சேருங்கள். ஏற்கெனவே நுரை வழிந்துபோன இடத்தில் மறுபடி நுரை போடாமல் ரேசரை வைக்கவே கூடாது.

ரேசரைப் பிடிக்கும்போது அழுத்தம் அறவே வேண்டாம். சேஃப்டி ரேசரின் தலை போதிய கனம் உடையது, அந்தக் கனமே வெட்டிவிடும். கைப்பிடியின் நுனியை விரல்களால் மட்டும் பிடித்து, பிளேடு தோலுக்கு ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில் படும்படி வைத்து, ஓர் அங்குலத்துக்கு மிகாத சிறு வழிப்புகளாக முடியின் வாக்கிலேயே செல்லுங்கள். ஒவ்வொரு வழிப்புக்கும் பிறகு ரேசரை அலசுங்கள். கழுத்துத் தோலை மற்றொரு கையால் இழுத்து விறைப்பாக்காதீர்கள். இழுத்துப் பிடித்து வெட்டிய முடி, கையை விட்டதும் தோலுக்குள் போய்விடுகிறது. பல பிளேடு செய்யும் அதே வேலையை அப்போது ஒற்றை பிளேடும் செய்துவிடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் சொரசொரப்பு அதிகம் இருந்தால், மறுபடி நுரை போட்டு, முடியின் வாக்குக்குக் குறுக்காக ஒரு சுற்று வழிக்கலாம். எதிர்வாக்கில் மட்டும் வேண்டாம். மாலையில் விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு முழம் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. சலூனில் செய்துகொண்டாலும், இரண்டாம் சுற்றுக்குக் கத்தியை எடுக்கும்போது கழுத்துக்கு எதிர்ச்சவரம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புதிய பிளேடு மாட்டுகிறாரா என்பதையும் பாருங்கள். வீட்டில் ஒரு பிளேடை ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. முரட்டுத் தாடிக்கு நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுகிறேன். பிளேடின் விலை, களிம்பின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

சவரத்துக்குப் பிறகு குளிர்ந்த நீரால் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். ஆல்கஹாலும் மெந்தாலும் வாசனையும் நிறைந்த ஆஃப்டர்ஷேவ் எரிச்சலைக் கூட்டும். படிகாரம் சிறு கீறல்களின் இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும். ஈரக் கழுத்தில் லேசாக ஓட்டி, சற்று நேரத்தில் கழுவிவிட வேண்டும். படிகாரம் பட்டதும் ஓரிடம் மட்டும் சுரீரென்று எரிந்தால், அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு வாசனையில்லாத, கிளிசரின் சேர்ந்த மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். பரு வரும் தோலில் அது துளைகளை அடைக்கக்கூடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை எல்லாம் இனி வராமல் காப்பதற்கு. இப்போதே கழுத்து முழுக்கப் பருக்கள் இருந்தால் முதல் மருந்து, சவரத்தை மூன்று நான்கு வாரம் நிறுத்துவதுதான். தொடக்கத்தில் குட்டை முடிகள் உள்ளே வளைவதால் நிலைமை சற்று மோசமாகக்கூடத் தோன்றும்; முடி நீள நீளப் புதைந்த முனைகள் தாமாகவே வெளியே வந்துவிடும். வளைந்து நிற்கும் முடியின் வளைவுக்கு அடியில் சுத்தம் செய்த ஊசியின் நுனியைக் கொடுத்து மெதுவாக வெளியே தூக்கி விடலாம், ஆனால் பிடுங்கக் கூடாது. பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது உள்ளுக்குள்ளேயே குத்தும். நகத்தால் கிள்ளினால் நம் நிறத் தோலில் மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பு மிஞ்சும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிச்சல் என்றதும் எடுத்துக் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகளில் பல, குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டுகளைக் கொண்டவை. இரண்டே நாளில் சிவப்பு மறையும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு பெருகும், தாடியில் படர்தாமரை இருந்தால் அது மறைந்து பரவும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசு விதியை இறுக்கியதற்கு இந்தத் தவறான பயன்பாடும் ஒரு காரணம். பருக்களில் சீழ் வைத்தாலோ, வட்டமாகத் தடித்துச் செதில் உதிர்ந்தாலோ, சவரத்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் குறையாவிட்டாலோ, தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பாக்டீரியாத் தொற்றும் பூஞ்சைத் தொற்றும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், மருந்து வேறு. எதுவும் கேட்காத கடுமையான நிலைக்கு லேசர் சிகிச்சை உண்டு. கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் (Nd:YAG) என்ற வகை லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது என்பதால், எந்த லேசர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

நாள்தோறும் சவரம் கட்டாயம் என்பது உங்கள் அலுவலக நிலை. அந்த மூன்று நான்கு வாரத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் அளவில் வைத்த டிரிம்மரால் கழுத்தை ஒதுக்கிவிட்டு, கன்னத்தை மட்டும் வழக்கம்போல் சவரம் செய்யுங்கள். டிரிம்மரைத் தோலில் அழுத்தாமல் ஓட்டினால், முடி தோலுக்கு மேலேயே நிற்கும். சட்டைக் காலருக்கு மேல் பார்ப்பவருக்கு அது ஒழுங்காகவே தெரியும். அப்படியும் மேலாளர் ஏதேனும் கேட்டால், மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் காட்டலாம். இது மருத்துவம் அறிந்த நோய் என்பதால் எழுதித் தருவார்கள். பருக்கள் முழுமையாக வற்றிய பிறகு கழுத்துக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரேசரை எடுங்கள், இடைப்பட்ட நாளில் டிரிம்மரே போதும்.